கரும்புத் தீவும் கண்டிச் சீமையும்: ஒரு படம் கிளப்பிய கணக்கு

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலையில் நாற்பது பேர் அளவில் உட்கார்ந்து ஒரு பழைய படம் பார்த்தோம். இரவல் புரொஜெக்டர், சுவரில் ஆணியடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. தகரக் கூரையில் மழை இரைந்ததால் படத்தின் சத்தம் காதில் விழவில்லை. ஆங்கிலப் படம் என்பதால் அது பெரிய நட்டமில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, என்ன பேசுகிறார்கள் என்று தமிழில் சொல்வது என் வேலை.

படம் 'கெய்மாடா'. 1969இல் வந்தது. இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ எடுத்தது, மார்லன் பிராண்டோ நடித்தது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் போன பிறகு ஒரு காட்சி வரும். வில்லியம் வாக்கர் என்ற ஆங்கிலேயன், தீவின் கரும்புத் தோட்ட முதலாளிமார் நடுவே ஒரு கேள்வி போடுகிறான். உங்களுக்கு எது இலாபம்? மனைவியா, மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கூப்பிடுகிற பெண்ணா? மனைவி என்றால் வீடு வேண்டும், துணிமணி வேண்டும், வியாதி வந்தால் மருந்து வேண்டும், உங்களுக்கு முன்னே செத்தால் அடக்கச் செலவும் உங்களுடையது. மற்றவளுக்கு அந்த நேரத்துக் காசோடு சரி.

இதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொல்லித்தான் ஆக வேண்டும். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், "பொண்டாட்டியையும் கணக்குல போட்டுட்டானா, படுபாவி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து வாக்கர் கேட்பதைச் சொன்னேன். சரி, இப்போது சொல்லுங்கள், அடிமை இலாபமா, கூலியாள் இலாபமா?

சிரிப்பு நின்றுவிட்டது. யாருக்கும் மேலே விளக்கம் தேவைப்படவில்லை. பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குப் போய்ப் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று பாதிச் சம்பளம், காய்ச்சலில் படுத்தால் அதுவும் இல்லை என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். வாக்கர் சொல்ல வந்ததை அந்த முதலாளிமாரைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் காட்சியைப் பற்றியது. அடிமை முறை, கலகம் என்றதும் சவுக்கும் சங்கிலியும் உள்ள படங்கள்தாம் நம் நினைவுக்கு வரும். இந்தப் படம் சங்கிலி கழன்ற மறுநாள் என்ன நடந்தது என்று கேட்கிறது. மலையகத்தின் கதை அந்த மறுநாளில்தான் தொடங்குகிறது.

கெய்மாடா என்று ஒரு தீவு உலகப்படத்தில் இல்லை. போர்த்துக்கேய மொழியில் அந்தப் பெயருக்கு 'எரிக்கப்பட்டது' என்று பொருள். கரீபியன் கடலில் போர்த்துக்கேயர் ஆளும் கரும்புத் தீவாக அதைக் கற்பனை செய்திருக்கிறார்கள். முதலில் வந்த வெள்ளையர், அங்கிருந்த பழங்குடிகளின் எதிர்ப்பை அடக்கத் தீவு முழுவதையும் கொளுத்தினார்கள், அப்புறம் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்கினார்கள் என்பது பின்கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாக்கர் அங்கே இறங்குகிறான். போர்த்துக்கேயரைத் துரத்திச் சர்க்கரை வியாபாரத்தைப் பிரித்தானியக் கைக்குக் கொண்டுவருவது அவனுடைய வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஹோசே டொலோரஸ் என்ற கறுப்பினத்தவனைக் கண்டுபிடித்து, வங்கிக் கொள்ளையில் தொடங்கிக் கலகம்வரை அவனை நடத்திப் போகிறான். கலகம் வெல்கிறது. அடிமைத்தனம் ஒழிகிறது. ஆட்சியோ தோட்ட முதலாளிமாரின் ஆளான டெடி சான்செஸ் கைக்குப் போகிறது. பத்து வருடம் கழித்து, அதே கரும்புக் காட்டில் கூலியாட்களாக நிற்பவர்கள் மறுபடியும் எழும்போது, அவர்களை நசுக்க அதே வாக்கர் ஒரு சர்க்கரைக் கொம்பனியின் சம்பளத்தில் திரும்பி வருகிறான்.

ஹோசே டொலோரஸாக நடித்த எவரிஸ்டோ மார்க்கெஸ் அதற்கு முன் நடித்தவரே இல்லை. கொலம்பியாவின் சான் பசிலியோ தே பலென்கே என்ற ஊர்க்காரர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பி ஓடிய ஆபிரிக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் தாங்களே கட்டிய ஊர் அது. இதைச் சொன்னதும் பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இனி வாக்கரின் கணக்குக்கு வருவோம். அது கற்பனையா?

பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை 1833இல் நிறைவேற்றியது. 1834 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. வந்ததும் விடுதலை இல்லை. 'பயிலுநர்' என்று ஒரு பெயர் வைத்து, பழைய எசமானிடமே மேலும் சில வருடம் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். அது 1838இல்தான் முடிந்தது. நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. முதுகில் தழும்பு இருந்தவனுக்கு அதில் ஒரு சதமும் இல்லை, முழுவதும் எசமானர்களுக்கு. அதற்காக அரசு வாங்கிய கடனை 2015இல்தான் கட்டி முடித்தார்கள்.

அந்தச் சட்டத்துக்குள் நம்மைத் தொடும் ஒரு வரி இருக்கிறது. கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆள்புலங்கள், இலங்கைத் தீவு, செயின்ட் ஹெலினா ஆகிய மூன்றுக்கும் சட்டம் செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். இங்கே அடிமைகள் இருந்தார்களா என்று கேட்பவர்கள் கொழும்பின் கொம்பனித் தெருவை நினைத்துக்கொள்ளலாம். ஒல்லாந்துக் கொம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. ஆங்கிலத்தில் அதற்கு நீண்ட காலம் 'அடிமைத் தீவு' என்றே பெயர். யாழ்ப்பாணத்தில் சாதியோடு பின்னிய அடிமை முறை தனிக்கதை, அதையும் இன்னும் முழுதாக நாம் பேசவில்லை.

விடுதலை பெற்ற கரீபியன் மக்கள் முதலில் என்ன செய்தார்கள்? முடிந்தவர்கள் தோட்டத்தை விட்டுப் போனார்கள். யமேக்காவில் சிறு துண்டு நிலம் தேடித் தங்களுக்கென்று பயிர் வைத்தார்கள். சவுக்குக்குக் கீழே விளைந்த கோப்பி அதோடு விழுந்தது. ஐரோப்பாவில் கோப்பி குடிப்பவர்கள் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த இடைவெளிக்குள் நுழைந்தது கண்டி மலை. மேற்கிந்தியக் கோப்பிக்கும் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் இருந்த வரி வேறுபாடு 1835இல் நீங்கியது. முடிக்குரிய நிலம் என்று சொல்லிக் காட்டை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஆளுநர் முதல் இராணுவ அதிகாரிவரை வாங்கினார்கள்.

கோப்பி வளர்க்கும் கைப்பக்குவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது நான் திகைத்துப் போனேன். 1837இல் இலங்கைக்கு வந்து, இங்கே 'மேற்கிந்திய முறை'யைப் பரப்பிய றொபேர்ட் பொய்ட் டைட்லர் அந்தத் தொழிலைப் படித்தது யமேக்காவில். அடிமைகள் வேலை செய்த மலைகளில். அந்நாளைய இலங்கைத் தோட்டத் துரைமார் வழிகாட்டியாக வைத்திருந்த நூல் லபோரி என்பவர் எழுதி 1798இல் லண்டனில் வெளிவந்தது. லபோரி, இன்றைக்கு ஹெய்ற்றி என்கிற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் அடிமைகளை வைத்துக் கோப்பி போட்டவர். 1791இல் அங்கே அடிமைகள் எழுந்தார்கள். 1804இல் தங்கள் நாட்டையே பிரகடனம் செய்தார்கள். உலக வரலாற்றில் அடிமைகள் எழுந்து ஒரு நாட்டைக் கட்டிய கலகம் அது ஒன்றுதான். அந்தக் கலகத்தில் தோட்டத்தை இழந்து யமேக்காவுக்குப் போனவர், தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்தார். நாற்றுமேடை எப்படி, நிரை எப்படி, களம் எப்படி, ஆட்களை எங்கே குடிவைப்பது, எப்படி வேலை வாங்குவது என்று எல்லாம் அதில் உண்டு. அந்தப் புத்தகம் கடல் தாண்டிக் கண்டிக்கு வந்தது.

ஆக, வேட்டித் திரையில் நாம் பார்த்த கரும்புத் தீவுக்கும் நம் மலைக்கும் உள்ள உறவு உவமை உறவு மட்டும் இல்லை. ஒரே தொழிலின் அடுத்த கிளை நாம். காடு வெட்டிய முறையும், ஆட்களை வரிசைக் கொட்டிலில் அடுக்கிய முறையும் கைமாறி வந்தவை. காம்பரா என்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பிறந்தவர்களுக்கு இது வெறும் தகவலாக இருக்க முடியாது.

வராமல் போனது ஒன்றுதான்: ஆளை விலைக்கு வாங்குவது. வாக்கர் சொன்னதுபோல அதற்குத் தேவை இருக்கவில்லை. கோப்பிக்கு ஆள் வேண்டியது பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணி என்கிற ஆள்பிடிக்கும் மேற்பார்வையாளன் ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்தான். தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியாக நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்தில் கிடந்தார்கள். விலை கொடுத்து வாங்கிய அடிமை வழியில் செத்தால் வாங்கியவனுக்கு நட்டம். கங்காணி கூட்டி வந்த ஆள் செத்தால் துரையின் பெட்டியில் ஒன்றும் குறையாது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் அதே பாதையில் நடந்து, இங்கே வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்தபோது, அந்தப் பெயரில்லாத சாவுகளுக்காகத்தான் நடந்தார்கள்.

சங்கிலி இல்லை. அப்படியானால் ஆட்கள் ஏன் போய்விடவில்லை? இங்கேதான் பற்றுக் கணக்கு வருகிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இன்றைய பிள்ளைகள் பலருக்குத் துண்டு என்றால் துவாய்தான் தெரிகிறது.

ஊரில் கங்காணி முன்பணம் கொடுப்பான். பழைய கடனை அடைக்க, வீட்டில் விட்டுவரும் கிழவர்களுக்குக் கொடுக்க, வழிச் செலவுக்கு. தோட்டத்தில் வந்து இறங்கும்போதே அந்த ஆளின் பேரில் பற்று இருக்கும். கம்பளி கொடுத்தால் பற்று, சட்டி பானை கொடுத்தால் பற்று, அரிசி கொடுத்தால் பற்று. சம்பளமோ மாதக் கணக்கில் பிந்தி வரும். வந்ததும் கங்காணி கையைக் கடந்துதான் ஆளின் கைக்கு வரும். இடையில் கலியாணம், சாவு என்று ஒன்று வந்தால் மறுபடியும் அவனிடமே கை நீட்ட வேண்டும். இறந்தவரின் கடன் அவரோடு போகாது, குடும்பத்தில் மிஞ்சியவர் தலையில் விழும். ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிகளுக்கு மேலே இருந்த பெரியங்கங்காணிக்குத் தலைக்காசு உண்டு என்பதால், யாரும் கும்பலை விட்டுப் போகாமல் பார்ப்பது அவனுக்கு வருமானம்.

இப்போது ஒரு கும்பல் வேறு தோட்டத்துக்குப் போக நினைக்கிறது என்று வையுங்கள். அந்தத் தோட்டத்துத் துரை ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன். அதுதான் துண்டு. புதிய துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். அந்தத் தொகை இனிப் புதிய தோட்டத்துப் புத்தகத்தில் அதே ஆட்களின் பேரில் ஏறும். ஆள் தட்டுப்பாடு வந்தால் துண்டின் தொகையும் ஏறும். சந்தையில் ஆளை விற்கவில்லை, ஆளின் கடனை விற்றார்கள். கடனோடு ஆளும் போனான்.

இதற்குக் காவலாகச் சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம். சிறைக்கு அனுப்பலாம். காகிதத்தில் அவன் மாத ஒப்பந்தத்தில் நிற்கும் சுதந்திரமான கூலியாள். நடப்பில், போக வேண்டுமானால் கட்ட முடியாத கடனைக் கட்ட வேண்டும், கட்டாமல் போனால் சிறை. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போனது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் அதை ஒட்டித்தான் போனது. எங்கள் தாத்தாமாரின் காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, அவ்வளவுதான்.

கோப்பிக்கு 1869இல் இலைநோய் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் விழுந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வைத்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுவதும் கொழுந்து. அதனால் வந்து போன ஆண்களுக்குப் பதிலாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் லயம் என்கிற வரிசை வீடுகளில் நிலைத்தார்கள். கொழுந்துக் கூடை பெண்களின் தலைக்கு வந்தது.

இதையெல்லாம் படம் முடிந்ததும் சுருக்கமாகச் சொன்னேன். ஓர் இளைஞர் எழுந்து, "அப்ப நாமளும் அடிமைங்கதானே சேர், நேராச் சொல்லுங்களேன்" என்றார். பொறுப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

முதலில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கண்டிச் சீமைக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் தாழ்த்தப்பட்ட சாதி மக்கள். பலர் ஊரில் பண்ணையாட்களாகக் கிடந்தவர்கள். மிராசுதாரின் நிலத்தோடு கட்டுண்ட வாழ்க்கை அது. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1843இல், அதற்குப் பின்னும் பண்ணை பண்ணையாகவே இருந்தது. 1876 முதல் 1878வரை தாது வருடப் பஞ்சம். அந்த நேரத்தில் ஒருவன் வந்து, செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொன்னால் போகாமல் இருப்பார்களா? ஏமாந்து வந்தார்கள் என்று மட்டும் சொல்வது அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக்குவது. ஒரு கட்டிலிருந்து தப்ப இன்னொரு பாதையில் துணிந்து இறங்கினார்கள். அதை நான் மதிக்கிறேன்.

அடிமை என்ற சொல்லை அன்றைக்கே வெள்ளையரும் உச்சரித்தார்கள். இந்தியாவிலிருந்து கயானாவுக்கு ஆள் கொண்டுபோவது புதுவகை அடிமை முறையாக முடியும் என்று 1840இல் பிரித்தானிய அமைச்சர் ஜோன் றஸ்ஸல் பிரபு அஞ்சினார். அது ஐந்து வருட ஒப்பந்தக் கூலி முறை. மொரீசியஸ், கயானா, பிஜி எல்லாம் அந்த வழி. இலங்கைக்கு வந்தது கங்காணி முறை, ஒப்பந்தத்தின் இடத்தில் கடன். 2021 இறுதியில் இலங்கைக்கு வந்த, தற்கால அடிமை முறைகள் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரும் மலையகத் தமிழரின் நிலையைக் கவலையோடு எடுத்துச் சொன்னார். ஆகவே அந்தச் சொல்லை எடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அந்த இளைஞரிடம் நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அத்லாந்திக் கடலில் மூன்றரை நூற்றாண்டில் ஏறத்தாழ 1 கோடி 25 லட்சம் ஆபிரிக்கர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்களின் பிள்ளைகள் பிறக்கும்போதே இன்னொருவனின் உடைமை. தாயைப் பிரித்து விற்றார்கள். மொழி போனது, பெயர் போனது, குலசாமி போனது. நம்மவர்கள் மாரியம்மனைத் தூக்கி வந்தார்கள், காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள், ஊர்ப் பெயரை மறக்காமல் வைத்திருந்தார்கள். ஆபிரிக்கர் பட்டதை நம் வாயில் எடுத்துப் போட்டுக்கொண்டால் அவர்களுக்கும் நியாயம் இல்லை, நமக்கும் நியாயம் இல்லை. நம்மைக் கட்டிய முடிச்சு வேறு. எப்படிப் போட்ட முடிச்சு என்று தெரிந்தால்தான் அது எங்கே இன்னும் அவிழாமல் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். நாள் சம்பளத்தை 1,000 ரூபாயாக்கக் கேட்டுக் கேட்டு வருடக்கணக்கில் வீதியில் நின்று, அது சம்பளச் சபை வழியாக 2021இல் வந்தது. வந்த கையோடு, பறிக்க வேண்டிய கிலோவும் வேலை நாளின் எண்ணிக்கையும் பல இடங்களில் பேச்சுக்கு வந்தன. வாக்கரின் கணக்கு அங்கேதான் நிற்கிறது, விலங்கைத் தேடினால் அது கண்ணில் படாது.

படத்தில் இன்னொரு இடம். கலகத்தில் வென்ற ஹோசே டொலோரஸ் ஆளுநர் மாளிகைக்கு வந்து உட்கார்கிறான். வாக்கர் கேட்கிறான்: உன் சர்க்கரையை யார் வாங்குவது, யார் விற்பது, வணிகத்தை யார் நடத்துவது? அவனிடம் பதில் இல்லை. ஆயுதத்தை வைத்துவிட்டுப் போகிறான். தீவுக்குச் சொந்தக் கொடி வருகிறது, கரும்பு வெட்டியவன் கரும்புக் காட்டிலேயே நிற்கிறான். நமக்கு இது எவ்வளவு பழகிய கதை! 1947 தேர்தலில் மலையகத்தின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பெப்ரவரியில் சுதந்திரம் வந்தது. அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது, அடுத்து வாக்கும் போனது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எந்தப் பக்கம் போக விருப்பம் என்று லயத்தில் யாரையும் முதலில் கேட்கவில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் தனியார் கொம்பனிகளுக்குப் போனது. 1883இல் கொழும்பில் தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் நடக்கிறது. கொழுந்து பறிப்பவருக்கு அங்கே விலை சொல்ல இடமில்லை.

கலகம் என்பதையும் படம் ஒரு குறிப்பிட்ட விதத்தில்தான் காட்டுகிறது. குதிரை, துப்பாக்கி, ஒரு தலைவன். அதைப் பார்த்துவிட்டு, நம்மிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று பையன்கள் நினைத்துவிடக் கூடாது. கடனைப் போட்டுவிட்டு இரவோடு இரவாக மலை தாண்டி ஓடியது கலகம். கங்காணியின் காது கேட்கவே நிரையில் நின்று அவனைப் பாட்டில் வைத்துத் திட்டியது கலகம். 1931இல் அற்றனில் கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி மக்கள் நடுவே பாடினார். 1937இல் பிறேஸ்கேடில் என்ற இளம் வெள்ளைக்காரர் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினார், நாடு கடத்த உத்தரவு வந்தது, உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 1940 சனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் விழுந்தார். அந்த வேலைநிறுத்தத்தில் கேட்ட சம்பள உயர்வு 16 சதம்.

படத்தின் கடைசிப் பகுதியில் கலகக்காரரைப் பிடிப்பதற்காகக் கரும்புக் காடுகளைக் கொளுத்துகிறார்கள். தீவு மறுபடியும் எரிகிறது. திரை முழுவதும் புகை. முன்சொன்ன பாட்டி அப்போது தாங்க மாட்டாமல் கேட்டார்: "செடி என்ன பாவம் பண்ணிச்சு? எரிச்சுட்டா அப்புறம் எதைத் திம்பாங்க?"

அந்தக் கேள்விக்கு நான் படத்தை நிறுத்திவிட்டேன். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் நடந்தது அங்கிருந்த வயதானவர்களுக்கு நினைவிருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்து வெளியாருக்குப் பங்கிடப் போகிறார்கள் என்று மக்கள் எழுந்தார்கள். பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் செத்தார். காணிப் பங்கீடு நின்றது. தனக்கு ஓர் அங்குலமும் சொந்தமில்லாத தேயிலை மலையைக் காக்க ஒருவர் உயிரைக் கொடுத்தார். செடியைத் தன் கையால் வளர்த்தவர்களின் கலகம் இப்படித்தான் இருக்கும் போலும். இதை அந்தப் படத்தில் தேடினால் கிடைக்காது. பாட்டியின் கேள்வியில் இருந்தது.

படம் முடியும் இடத்தில் ஹோசே டொலோரஸைத் தூக்கிலிடுகிறார்கள். தப்பிப் போக வாக்கரே கயிற்றை அவிழ்த்துவிட்டும் அவன் போக மறுக்கிறான். வாக்கர் ஊர் திரும்பத் துறைமுகத்துக்கு வருகிறான். பின்னால் ஒரு குரல், "பெட்டியைத் தூக்கட்டுமா, ஐயா?" முதல் நாள் ஹோசே டொலோரஸ் கேட்ட அதே வார்த்தை. வாக்கர் முகம் மலரத் திரும்புகிறான். அவன் இல்லை, வேறொரு கூலியாள். கையில் கத்தி.

லைட்டைப் போட்டோம். மழை விட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் போகாமல் நின்று, அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டான். தீவு இல்லை, ஆனால் முல்லோயா இருக்கிறது, லூல்கந்துரை இருக்கிறது, இரண்டும் கண்டிக்கு அந்தப் பக்கம் ஹேவாஹெட்ட மலைகளில்தான் என்றேன். லூல்கந்துரையில் டெய்லர் உட்கார்ந்த கல்லிருக்கையைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருவதையும் சொன்னேன்.

"கோவிந்தன் விழுந்த இடத்தையும் பார்க்கலாமா சேர்? கண்டியிலிருந்து எந்த பஸ்?"

விசாரித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.